மழையை எண்ணும் பெட்டி

1

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கூரையில் இருக்கும் பெட்டியை ஜெர்மனியில் ஒரு பெரிய கொம்பனி செய்து இலவசமாகக் கொடுத்தது என்று பெல்மதுளைப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறதாம். போன ஞாயிறு தொலைபேசியில் என் தங்கை தெய்வானை சொன்னாள்.

"வெள்ளக்காரங்க செஞ்சதுன்னாதான் மதிக்கிறாங்கக்கா. எங்க அக்கா செஞ்சதுன்னா சிரிக்கிறாங்க."

எங்கள் வரிசைவீடுகளான மேட்டு லயத்தின் மேல் மண் இறங்கி இந்த வாரத்தோடு ஒரு வருடம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெட்டியை எந்தக் கொம்பனியும் செய்யவில்லை. ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில் நான்தான் செய்தேன். பல தடவை தப்பாகச் செய்து, அப்புறம் சரியாகச் செய்தேன்.

என் பெயர் யோகராணி. அந்த மேட்டு லயத்தில்தான் பிறந்தேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் விற்பனைக்கு நின்றேன். அங்கே பழக்கமானவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் முதலில் ஜெர்மனிக்கு வந்து, விசா கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டார். வந்து சேர்ந்தது 1994இல். தோட்டத்துப் பெண்ணைக் கட்டியதற்காக அவர் வீட்டில் சில வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள், அபிநயா.

எனக்கு வேலை, சலவை இயந்திரங்களுக்குள் போகும் மின்சுற்றுப் பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பற்றவைப்பது. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் விரல் நகம் அளவில் ஒரு கறுப்புச் சில்லு இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் அதன் கால்களில் ஈயம் வைத்திருக்கிறேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

2

2006ஆம் ஆண்டின் கடைசி மழையில், லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு கொஞ்சம் சரிந்து, ஒரு குடும்பம் குடியிருக்கும் கடைசிக் காம்பராவின் அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டது. நல்லவேளை, அந்த நேரம் அடுப்படியில் ஆள் இல்லை. தெய்வானையின் புருஷன் முனியாண்டி மேலே ஏறிப் பார்த்தபோது தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் முழங்கை வரைக்கும் கையை விடலாம் என்றார்.

தோட்ட ஆபீசில் போய்ச் சொன்னார்கள். லயத்தை வேறு இடத்துக்கு மாற்றுவது அரசாங்கத்தின் வேலை என்றார்கள். கிராம சேவகரிடம் போனார்கள். நிலம் கொம்பனியுடையது, கொம்பனி எழுதித் தந்தால்தான் தன்னால் மேலே அனுப்ப முடியும் என்றார் அவர். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகவே திருப்பியும் அனுப்பினார்கள்.

அப்போது, வெளிநாடுகளில் வாழும், எங்கள் சப்ரகமுவ மாகாணத் தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. லண்டனில் இருக்கும் மகேந்திரன் என்பவர் நடத்தினார். நான் விஷயத்தை எழுதிப் போட்டதும் குழு கொதித்துவிட்டது. இணையத்தில் ஒரு மனு வைத்து உலகம் முழுவதும் கையெழுத்து வாங்குவது என்று முடிவாயிற்று. முதல் வரைவை எழுதியது நான்தான். அதில் 'மலையகத் தமிழர்' என்று போடுவதா, 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்று போடுவதா என்று பெரிய சண்டை. சப்ரகமுவ மலையகத்தில் சேருமா என்று இன்னொரு சண்டை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார்கள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நீளநீளமாகப் பதில் எழுதினேன். வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்து கையெழுத்து ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏறியிருந்தால், ஏதோ நானே போய் அந்த மேட்டுக்கு முட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியோடுதான் தங்கையைக் கூப்பிட்டேன்.

"கையெழுத்து கூடிக்கிட்டே போகுது புள்ள. கனடாவுல இருந்தெல்லாம் போடுறாங்க."

"நல்லதுக்கா. அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"இன்டர்நெட்டுல."

"அத யாருக்கிட்ட குடுப்பீங்க?"

"ஜனாதிபதிக்கு அனுப்புவோம். மந்திரிக்கும் அனுப்புவோம்."

"ஹரி" என்றாள். எங்கள் பக்கம் சரி என்பதற்குப் பதிலாகச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வோம். பிறகு சொன்னாள்: "அவங்க பாத்து, ஆள் அனுப்பி, காணி குடுக்கிறதுக்குள்ள அடுத்த மழ வந்துருமேக்கா. நாங்க இப்ப முறை போட்டு முழிச்சிக்கிட்டு இருக்கோம். மழ பேஞ்சா ஒருத்தரு மேட்டுல நின்னு பாக்கணும். முந்தாநேத்து அவரு முறை. நனஞ்சு காய்ச்சல்ல கெடக்காரு. எவ்வளவு பேஞ்சிருக்குன்னு, இனி இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்ற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு இருந்தா போதும். எந்திரிச்சு போயிருவோம்."

தொலைபேசியை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை காதில் நின்றது. மனுவில் நாங்கள் நாலு பக்கம் எழுதியிருந்தோம். அவள் கேட்டது அதில் எங்குமே இல்லை.

3

மழை எவ்வளவு பெய்திருக்கிறது என்று எண்ணி, அளவு தாண்டினால் சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான். சலவை இயந்திரம் தண்ணீரை அளந்து நிறுத்தவில்லையா? அந்த வேலையைச் செய்யும் சில்லை நான்தானே தினமும் பற்றவைக்கிறேன்? இப்படி யோசித்துத்தான் இறங்கினேன். எவ்வளவு தெரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இறங்கியிருப்பேனா என்பது சந்தேகம்.

பாகங்கள் வாங்கக் கடைக்குப் போனேன். மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ஒரு பாகம் வேண்டும். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் 'ரேக்லர்' என்று முடியும். எனக்கு வாயில் வந்தது 'ரேகன்'. ரேகன் என்றால் மழை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மின்சார மழையா? எங்களிடம் இல்லை, அம்மா" என்றார். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பாகத்தை விரலால் காட்டி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சில்லுக்கு நிரல் எழுதுவது கணினியில் கடிதம் எழுதுவது மாதிரி இல்லை. அதற்குள் எதுவும் தயாராக இல்லை. இந்தக் கால் வெளியே பேச வேண்டும், அந்தக் கால் உள்ளே கேட்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் நாமே ஒன்றும் பூச்சியமுமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதன் கையேடு ஆங்கிலத்தில், செங்கல் பருமனில். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, ஜெர்மன் முக்கால். முழுவதும் படித்துவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்தேன். பத்துப் பக்கத்தில் நின்றுவிட்டேன். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, ஒரு சின்ன விளக்கை மட்டும் எரியவைப்போம் என்று தொடங்கினேன். எரியவில்லை என்றால் ஏன் என்று தேட மட்டும் கையேட்டைத் திறப்பேன். அப்படித் தேடிய பக்கங்கள்தான் மண்டையில் நின்றன. காலை முறை வேலை முடிந்து வந்து, சோறு வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் எழுதிப் பார்ப்பேன். விளக்கு எரிய எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

குழுவில் நான் ஒரு கருத்தை எழுதினால் பத்துப் பேர் 'அருமை' என்பார்கள். சில்லிடம் அது நடக்காது. ஒரு பூச்சியம் இடம் மாறினால் அது சும்மா கிடக்கும். என் மனசு நல்லது, என் மக்கள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முதலில் அழுகை வந்தது. பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. வேலை நடந்ததா இல்லையா என்று மழுப்பாமல் சொல்ல ஒன்றாவது இருந்ததே.

மழையைப் பிடிக்க ஒரு புனல். அதற்குக் கீழே சீசோப் பலகை மாதிரி இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் ஒரு சின்னக் கரண்டி. ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழும். மறு பக்கம் நிறையும். கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுவிட்சு தட்டும், சில்லு எண்ணும். நான் ஒரு தடவை கவிழ்த்தால் அது மூன்று என்றது, சில நேரம் நாலு என்றது. சுவிட்சு பட்டதும் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தையும் சில்லு எண்ணிவிடுகிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஞாயிறு போயிற்று. ஒரு தட்டுக்குப் பிறகு கொஞ்சம் காதை மூடிக்கொள் என்று எழுதினேன். அதன் பிறகு ஒன்றை ஒன்று என்றே எண்ணியது.

ஒருநாள் அபிநயா சமையலறைக்குள் வந்து, "அந்த வீட்டில் ஆபத்து என்றால் அவர்கள் ஏன் வேறு வீட்டுக்குப் போகவில்லை?" என்று ஜெர்மனில் கேட்டாள். இப்போதெல்லாம் தமிழில் கேட்டாலும் ஜெர்மனில்தான் பதில் சொல்கிறாள். நான் விளக்கத் தொடங்கினேன். மின்தடை, மின்தேக்கி எல்லாவற்றுக்கும் ஜெர்மன் சொல் தெரிந்த எனக்கு லயம் என்பதற்குச் சொல் இல்லை. தொடர்வீடு என்றேன். "நாங்களும் தொடர்வீட்டில்தானே இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. முடிக்காமல் விடப்போவதும் இல்லை.

4

2008 சித்திரைக்கு விடுமுறை கேட்டு வாங்கினேன். பெட்டியைப் பார்த்த சிவநேசனின் முகம் மாறிவிட்டது.

"உமக்கென்ன விசரே? வயர், பற்றரி, ஹோர்ன், மணிக்கூடு மாதிரி ஓடுற சில்லு. எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள. அதைக் கொண்டுபோறது ஒரு தமிழ்ப் பொம்பிளை. சண்டை நடக்குது, நாட்டு நிலைமை தெரியாதே உமக்கு? பாக்கிறவன் என்னெண்டு நினைப்பான்?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேச்சில்லை. மூன்றாம் நாள், "கழற்றித் தனித்தனியாக் கொண்டுபோம். பற்றரியை அங்க வாங்கும்" என்று அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் துணியில் சுற்றித் தந்தார்.

விமான நிலையத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரத்தினபுரி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் வேனை நிறுத்திப் பையைக் கொட்டினார்கள். பச்சைப் பலகை, வயர், ஹோர்ன் எல்லாம் மேசை மேல் வந்தன. பொலிஸ் அதிகாரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மே மொகத்த?" இது என்ன என்று கேட்டார்.

"வெஸ்ஸ மனின எக்கக், மஹத்தயா." மழை அளக்கிற ஒன்று, ஐயா என்றேன்.

அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் உள்ளே போயின. என்னை ஒரு வாங்கில் உட்காரச் சொன்னார்கள். காலையில் உட்கார்ந்தவள், வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்ததால் சிங்களம் என் வாயில் தடங்காது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அதுதான். எங்கள் லயத்தை, மேட்டை, வெடிப்பை எல்லாம் சொன்னேன். தண்ணீர் கொடுத்தால் காட்டுகிறேன் என்றேன். ஒரு டோர்ச் லைட் பற்றரியைக் கடன் வாங்கி, கரண்டியைப் பலகையோடு இணைத்தேன். ஒரு கொன்ஸ்டபிள் போத்தலிலிருந்து மெதுவாக ஊற்றினார். கரண்டி கவிழ்ந்தது. சின்ன விளக்கு மின்னியது. இன்னொரு தடவை ஊற்றினார். இன்னொரு தடவை மின்னியது.

"அபே கமெத் நாய கியா" என்றார் அந்தக் கொன்ஸ்டபிள், அதிகாரியைப் பார்த்து. எங்கள் கிராமத்திலும் மண் சரிந்தது என்று அர்த்தம். அதிகாரி எங்கள் கிராம சேவகருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். ஹோர்னை மட்டும் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

5

பெல்மதுளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் நிஸாம் நானா பற்றரியும் ஒரு பழைய லொறி ஹோர்னும் தந்தார். "இது ஒண்டு ஊதினா எம்பிலிப்பிட்டி வரைக்கும் கேக்கும் தங்கச்சி" என்றார். அது எவ்வளவு உண்மை என்பது பிறகு தெரிந்தது.

தோட்ட ஆபீசில் அனுமதி கேட்டேன். கொம்பனியின் நிலத்தில் எதை மாட்டுவதென்றாலும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், பதில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். முனியாண்டிதான் வழி சொன்னார்.

"கோயிலு நம்ம கட்டுனதுதானே. அதுக்கு யாருக்கிட்ட கேக்கணும்? கூரையில வைங்க."

லயத்து ஆட்களைக் கோயில் முன்னால் கூட்டினோம். ஹோர்ன் அடித்தால் எதையும் எடுக்காமல், மேட்டுக்கு எட்டத்தில் இருக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், வயதானவர்களை யார் தூக்குவது, பிள்ளைக் காம்பராவில் இருக்கும் குழந்தைகளை யார் கொண்டுவருவது என்று எல்லாவற்றையும் பேசி முடிவுசெய்தோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது தெய்வானை. குழந்தைகள் அவள் பொறுப்பு.

பெட்டியை மாட்டிய நாலாம் நாள் மத்தியானம், வெறும் தூறலில், ஹோர்ன் அடித்தது. ஆட்கள் கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நனைந்துபோய் நின்று வானத்தைப் பார்த்தால் வெயில் அடிக்கிறது. அன்றைய அரைநாள் பேர், அதாவது கூலிக் கணக்கு, பலருக்கு விழவில்லை. ஒரு அம்மா என் முகத்துக்கு நேரே, "வெளிநாட்டுல இருந்து வந்து எங்கள வச்சி வெளையாடுறீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஒருநாள் முழுக்கக் காய்ந்தால் பழைய எண்ணிக்கையை அழித்துவிடு என்று எழுதியிருந்தேன். ஜெர்மனியில் அப்படி நாட்கள் உண்டு. எங்கள் மலையில் சித்திரையில் பின்னேரத் தூறல் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை அழியவே இல்லை. நாலு நாள் தூறலும் சேர்ந்து பெருமழைக் கணக்காகிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இது மறந்துவிட்டதே என்று என் மேலேயே கோபம் வந்தது.

நிஸாம் நானாவின் கடையில் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு மணி நேரத்து மழைக்கும் தனித்தனியாக ஒரு இடம் ஒதுக்கி, ஒருநாள் பழசானதை மட்டும் தள்ளிவிடும்படி முதலிலிருந்து எழுதினேன். நடுவில் மின்சாரம் போயிற்று, வந்தது. மறுநாள் சாயங்காலம் கூரையில் ஏறிப் புது நிரல் ஏற்றிய சில்லை மாட்டினேன். இறங்கியபோது கீழே தெய்வானை நின்றாள்.

"இன்னொரு தடவ பொய்யா அடிச்சா யாரும் வர மாட்டாங்கக்கா" என்றாள்.

"தெரியும் புள்ள. இது பொய் சொல்லாது."

"ஹரி. நான் சொல்லிக்கிறேன்." அன்றைக்கு ஒவ்வொரு காம்பராவாகப் போய் அவள் பேசியதை நான் கேட்கவில்லை. அவள் வாக்கைக் கொடுத்துத்தான் என் பெட்டிக்கு இரண்டாவது வாய்ப்பு வாங்கினாள்.

6

நான் திரும்பி வந்த சில வாரங்களில் தென்மேற்கு மழை பிடித்தது. நடந்ததைத் தெய்வானை சொல்லித்தான் அறிந்தேன்.

காலையிலிருந்து விடாத மழை. வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டதால் எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். பின்னேரம் ஹோர்ன் அடித்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் பாதி லயத்துக்கு அது கேட்கவே இல்லை. சத்தமில்லாத ஜெர்மன் சமையலறையில் சோதித்தவளுக்கு அந்தத் தகரச் சத்தம் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைக் காம்பரா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் தெய்வானைக்குக் கேட்டது. அங்கே இருந்த சில குழந்தைகளை இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டையும் அகப்பையையும் எடுத்துத் தட்டிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியிருக்கிறாள்.

"அன்னைக்கி ஒங்களத் திட்டுனவங்கதான் மொதல்ல வெளிய வந்தாங்கக்கா. ஏற்கெனவே ஒரு தடவ ஓடுனதுனால யாரு யாரத் தூக்கணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்திச்சு."

அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மேடு இறங்கியது. கடைசி நாலு காம்பராக்கள் இருந்த இடம் தெரியவில்லை. எங்கள் அம்மா எங்களைப் பெற்ற காம்பராவும் அதில் போயிற்று. ஆள் ஒருத்தர்கூடப் போகவில்லை.

குழுவில் மகேந்திரன், 'எமது தொடர் போராட்டத்தின் பலன்' என்று ஒரு அறிக்கை போட்டார். எனக்கு உடனே கோபம் வந்து நீளமாக ஒரு பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி அழித்துவிட்டேன். அந்த மனுவும் தேவைதான். லயத்து ஆட்கள் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள்; காணி கேட்க ஒரு பெட்டியால் முடியாது. ஆகவே நான் இப்படி மட்டும் எழுதினேன்: 'கையெழுத்து போட்டவர்களுக்கு நன்றி. இன்னும் பெட்டிகள் தேவை. சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து பற்றவைக்கக்கூடியவர்கள் சொல்லுங்கள். தெரியாது என்றால் வந்து பழகலாம்.'

மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மகேந்திரன். லண்டனிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வருகிறார். முதல் நாளே விரலைச் சுட்டுக்கொண்டார். இப்போது அவர் செய்யும் பலகைகளைத்தான் நான் கடைசியாகச் சோதிக்கிறேன், ஏனென்றால் அவற்றில் தப்பு குறைவு. புதுப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு வயர் போகும். சுவரில் சிவப்பு விளக்கு எரியும், தலைமாட்டில் மணி அடிக்கும். மழைச் சத்தம் அதை மறைக்க முடியாது.

போன ஞாயிறு தெய்வானை வேறொன்றும் சொன்னாள். வரக்காப்பொலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் அவளைத் தேடி வந்திருக்கிறார்கள். எங்களுக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

"என்னக்கா சொல்ல? ஒங்களால ஏலுமா?"

"ஏலும்னு சொல்லு. ஆனா கூரையில ஏறுறதுக்கும் வயர் இழுக்கிறதுக்கும் அவங்க ஆளுங்க நிக்கணும். நான் சும்மா மாட்டிட்டு வந்துற மாட்டேன். அவங்களே பழகிக்கணும்."

"அது நானே சொல்லிட்டேன்" என்றாள்.

ஒக்டோபரில் அடுத்த மழை. செப்டம்பர் நடுவுக்கு விடுமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.